மழைமானியில் நிறையாத மழை!

அதிராம்பட்டினம் என்ற பெயரைக் கேட்டிராத தமிழர்கள் மிகச் சிலரே. ஊரைப் பார்த்திராதவர்கள்கூடப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் போதும். வானொலிச் செய்தியின் கடைசியில் நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம் என்று வரிசையாக வரும். எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் மழை என்று சொல்லி முடிப்பார்கள்.

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் உப்பளம். இன்னொரு பக்கம் மீன்பிடிப் படகுகள். ஊருக்குப் பின்னால் தென்னந்தோப்புகள். அதற்கும் அப்பால், கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் வயல்கள். இங்குள்ள வானிலை நிலையத்தில் நாள்தோறும் காலை 8-30 மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்கிறார்கள்.

ஆனால், இந்த ஊரின் மீது இன்னொரு மழையும் பெய்கிறது. அது எந்த மழைமானியிலும் நிறைவதில்லை!

சித்திரை வெயிலிலும் அது பெய்கிறது. நள்ளிரவிலும் பெய்கிறது. கீற்றுக் கூரையானாலும் சரி, கான்கிரீட் தளமானாலும் சரி, துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. குடை பிடித்துப் பயனில்லை. அதே சமயம், யாரும் நனைவதும் இல்லை!

உங்கள் உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். நீங்கள் ஒவ்வோர் எண்ணைச் சொல்லும்போதும் ஏறக்குறைய ஓர் அணுத்துகள் உங்கள் உள்ளங்கையை ஊடுருவித் தரைக்குள் போய்விடுகிறது.

அந்தத் துகளுக்கு மியூவான் என்று பெயர். வான வெளியின் எங்கோ ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு வரும் கதிர்கள், நம் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுடன் மோதுகின்றன. மோதிய வேகத்தில் பல துகள்கள் சிதறுகின்றன. அவற்றில் தரைவரை வந்து சேருபவை பெரும்பாலும் மியூவான்கள்தான். அதன் ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் இரண்டு கூறு! ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருவதால்தான் அது தரையைத் தொடுகிறது.

பயப்பட வேண்டியதில்லை. மனிதன் தோன்றிய நாள் முதல் இந்த மழையில்தான் வாழ்ந்து வருகிறான்.

இதற்கும் அதிராம்பட்டினத்துக்கும் தனிச் சம்பந்தம் ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை. எல்லா ஊரிலும்தான் இது பெய்கிறது. மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் முதலில் தலைமடைக்குப் பாயும். அதிராம்பட்டினம் பக்கத்து வயல்களுக்குக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். கடைமடைக்காரனின் கவலை அவனுக்குத்தான் தெரியும். ஆனால், இந்த மழைக்குத் தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை. எல்லோர் மீதும் ஒன்றுபோல் விழுகிறது.

அதை அளக்கும் கருவிதான் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. அந்தக் குறை எவ்வளவு பெரிய நஷ்டத்தைக் கொண்டுவரும் என்பதற்கு, கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையே சாட்சி.

மலை உச்சியில் புகைப்படத் தட்டு

1936-ம் ஆண்டு கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகத்தில் எம்.எஸ்சி. பட்டம் பெற்றவர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் பிபா சவுத்ரி. பெண்கள் விஞ்ஞானம் படிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. அவர் தேவேந்திர மோகன் போஸ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். செடி கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அப்போது அவர்தான் தலைவர்.

இருவரும் கையாண்ட முறை மிகவும் எளிமையானது. பெரிய எந்திரம் எதுவும் இல்லை. புகைப்படம் எடுக்கும் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். டார்ஜிலிங்கில் சில தட்டுகள். ஏறக்குறைய 12,000 அடி உயரத்தில் இருக்கும் சந்தக்பூவில் சில தட்டுகள். திபெத்தில் உள்ள பாரி ஜோங்கில் சில தட்டுகள். மாதக் கணக்கில் அவற்றை அப்படியே வைத்துவிட்டார்கள்.

வானத்திலிருந்து வரும் துகள், தட்டின் மேல் பூசிய ரசாயனத்தைத் துளைத்துக்கொண்டு போகும். தட்டைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், போன வழியெல்லாம் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஈர மணலில் நண்டு ஓடிய தடம்போல! புள்ளிகள் நெருக்கமா, விலகலா, தடம் வளைகிறதா என்று கணக்கிட்டு, போனது என்ன துகள், அதன் எடை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

சொல்லவும் சொன்னார்கள். எலெக்ட்ரானைப்போல சுமார் 200 மடங்கு எடையுள்ள ஒரு துகளின் தடத்தைக் கண்டதாக, லண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' பத்திரிகையில் 1940-க்கும் 1942-க்கும் இடையே கட்டுரைகள் எழுதினார்கள். இன்னும் துல்லியமாகச் சொல்வதற்கு இன்னும் நுட்பமான பூச்சுள்ள தட்டுகள் தேவைப்பட்டன.

அந்தத் தட்டுகள் இங்கிலாந்தில் தயாராகின்றவை. அப்போதோ இரண்டாவது உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. நல்ல தட்டுகள் இந்தியாவுக்கு வரவில்லை. இருந்த தட்டுகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. ஆராய்ச்சி நின்றது.

யுத்தம் முடிந்தது. 1947-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பேராசிரியர் செசில் பவலும் அவருடைய கூட்டாளிகளும் அதே முறையைக் கையாண்டார்கள். அதே மாதிரி மலை உச்சி. அதே மாதிரி கண்ணாடித் தட்டு. ஆனால், தட்டு மட்டும் உயர்ந்த ரகம்! பையான் என்ற புதிய துகள் அதில் அகப்பட்டது. பையான் சிதைவதால்தான் மியூவான் பிறக்கிறது. அதாவது, மகளைத் தேடியவர்களுக்குத் தாயே கிடைத்துவிட்டாள்! 1950-ம் ஆண்டு பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பவல் நேர்மையானவர். போஸும் சவுத்ரியும் முன்பே இந்த வழியில் முயன்றதைத் தாம் பின்னர் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டிருக்கிறார். பிபா சவுத்ரி 1945-ல் இங்கிலாந்து சென்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். திரும்பி வந்து பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். 1991-ல் காலமானார். பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2019-ம் ஆண்டு, சர்வதேச வானியல் சங்கம் தொலைதூர நட்சத்திரம் ஒன்றுக்குப் 'பிபா' என்று பெயர் வைத்தது. அவருக்கு வேண்டியிருந்ததோ சில கண்ணாடித் தட்டுகள்!

பணக்கார நாடுகளுக்கும் கை கடித்தது

நம் நாட்டுக்குத் தட்டு கிடைக்கவில்லை. ஐரோப்பாவுக்கு என்ன ஆயிற்று?

யுத்தத்துக்கு முன்பு அணு விஞ்ஞானத்தின் தாய்வீடு ஐரோப்பாதான். யுத்தம் முடிந்தபோது தலைகீழாகிவிட்டது. நகரங்கள் இடிபாடாகக் கிடந்தன. கெட்டிக்கார விஞ்ஞானிகள் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அதோடு, ஆராய்ச்சி முறையும் மாறிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து துகள் எப்போது விழும் என்று மலையில் காத்திருப்பதைவிட, எந்திரத்தின் மூலம் துகள்களை வேகப்படுத்தி மோதவிட்டுப் பார்க்கலாம் என்ற காலம் வந்தது. ஆனால், அந்த எந்திரத்துக்கு ஆகும் செலவு? பிரான்சு தனியாகச் செய்ய முடியாது. இத்தாலியும் முடியாது. பிரிட்டனே யோசித்தது.

பல நாடுகள் கூடிச் செய்யலாம் என்ற யோசனையை 1949 டிசம்பரில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி டி பிராய் ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பினார். மறு ஆண்டு, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் அதற்கு வழி செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? இசிடோர் ராபி என்ற அமெரிக்கர்!

இடம் பார்க்கும் படலம் நடந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெனிவா நகரம் என்று முடிவாயிற்று. அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது.

பெட்டிக்குள் விழுந்த ஓட்டு

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. 'அணு' என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கிய காலம். எங்கள் ஊரில் அணு ஆராய்ச்சியா, நாளை யுத்தம் வந்தால் முதல் குண்டு எங்கள் தலையில்தானே விழும் என்று ஜெனிவாவில் எதிர்ப்பு கிளம்பியது. சுவிட்சர்லாந்தின் நடுநிலைமை என்ன ஆவது என்றும் கேட்டார்கள்.

எதிர்ப்பாளர்களை யாரும் முட்டாள்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடவில்லை. விஷயம் நேரே ஜனங்களிடம் போயிற்று. 1953 ஜூன் மாதம் ஜெனிவா வாசிகள் ஓட்டுப் போட்டார்கள். ஆராய்ச்சி நிலையம் வரலாம் என்றவர்கள் 16,539 பேர். கூடாது என்றவர்கள் 7,332 பேர்.

அதே சமயத்தில் தயாரான ஒப்பந்தத்திலும் இரண்டு ஷரத்துக்களை அழுத்தமாக எழுதினார்கள். ராணுவத்துக்கான வேலை எதையும் இந்த ஸ்தாபனம் செய்யக்கூடாது. கண்டுபிடிப்பது எதுவானாலும் ஒளிக்காமல் உலகத்துக்கு வெளியிட வேண்டும்.

1954 மே மாதம் ஜெனிவாவுக்குப் பக்கத்தில் மேரன் என்ற கிராமத்தில் முதல் மண்வெட்டி விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி ஸ்தாபனம் சட்டப்படி பிறந்தது. அணு ஆராய்ச்சிக்கான ஐரோப்பிய சபை என்ற பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'செர்ன்' என்று அழைத்தார்கள். முதலில் சேர்ந்த நாடுகள் 12. அவற்றில் பிரிட்டனும் உண்டு, பிரான்சும் உண்டு, மேற்கு ஜெர்மனியும் உண்டு. ஒன்பதே வருஷத்துக்கு முன்பு ஒன்றன்மேல் ஒன்று குண்டு வீசிக்கொண்டிருந்த நாடுகள்!

செலவுக்குப் பணம் எப்படி? நாட்டின் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா. தஞ்சைப் பக்கத்தில் பெரியவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. குடிமராமத்து என்று வாய்க்கால் வெட்டும்போது, நிலம் அதிகம் வைத்திருப்பவர் அதிகம் ஆள் அனுப்புவார். காணிக்காரர் ஓர் ஆள் அனுப்புவார். வெட்டிய வாய்க்கால் எல்லோருக்கும் பொது. அந்த ஏற்பாட்டை ஐரோப்பியர்கள் அணுவுக்குச் செய்தார்கள், அவ்வளவுதான். டார்ஜிலிங் ஆராய்ச்சியின் கதையில் வந்த அதே பவல், பிற்காலத்தில் செர்னின் விஞ்ஞானக் கொள்கைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

இன்று உறுப்பு நாடுகள் 25 ஆகிவிட்டன.

பட்டுக்கோட்டை போய்வரும் தூரம்

செர்னில் இப்போது இருக்கும் பெரிய எந்திரம் பூமிக்கு அடியில், சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், வட்டமான சுரங்கத்துக்குள் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர். அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடச் சற்று அதிகம். சுரங்கம் சுவிட்சர்லாந்தில் பாதி வழி ஓடுவதற்குள் பிரான்சுக்குள் நுழைந்துவிடும். பாஸ்போர்ட் கேட்பவர் இல்லை!

இந்தச் சுற்றுப் பாதையில் புரோட்டான்கள் ஒரு விநாடிக்கு 11,245 தடவை சுற்றி வருகின்றன. ஒரு கூட்டம் வலமாகச் சுற்றும். இன்னொரு கூட்டம் இடமாகச் சுற்றும். நான்கு இடங்களில் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். அவை நேராக ஓடிச் சுவரில் முட்டாமல் வளைத்துத் திருப்ப 1,232 பெரிய காந்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. இவை சாதாரணக் காந்தம் அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் வேலை செய்யும். பனிக்கட்டியின் குளிர் பூஜ்யம் டிகிரி என்றால், இது எப்படிப்பட்ட குளிர் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

2008 செப்டம்பர் 10-ந் தேதி எந்திரத்தை ஓட்டினார்கள். பெரிய துளை விழுந்து பூமியையே விழுங்கிவிடும் என்று உலகம் முழுவதும் புரளி கிளம்பியது. நம் ஊர் டீக்கடைகளிலும் அந்தப் பேச்சு அடிபட்டது. விஞ்ஞானிகள் சொன்ன பதில், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மழைதான். வானத்திலிருந்து வரும் கதிர்களில் சில, செர்ன் எந்திரம் கொடுப்பதைக் காட்டிலும் பன்மடங்கு அதிக சக்தியோடு கோடிக்கணக்கான வருஷமாக நம் காற்றில் மோதிக்கொண்டே இருக்கின்றன. பூமி இருந்த இடத்தில்தானே இருக்கிறது?

உலகம் அழியவில்லை, எந்திரம்தான் படுத்துவிட்டது! ஒன்பது நாளில் ஒரு மின் இணைப்பு உருகி, டன் கணக்கில் ஹீலியம் கசிந்தது. பழுது பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2012 ஜூலை 4-ந் தேதி, 'ஹிக்ஸ் போசான்' என்ற துகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். பீட்டர் ஹிக்ஸ் முதலியோர் 1964-லேயே காகிதத்தில் கணக்குப் போட்டு, இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அது சம்பந்தப்பட்ட மண்டலம் இல்லாவிட்டால் எலெக்ட்ரானுக்கு எடை இருக்காது. எலெக்ட்ரானுக்கு எடை இல்லாவிட்டால் அணு இல்லை, உப்பு இல்லை, நெல் இல்லை, நாமும் இல்லை. 'கடவுள் துகள்' என்று பத்திரிகைகள் இதற்குப் பெயர் வைத்துவிட்டன. விஞ்ஞானிகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. 'போசான்' என்ற பெயரில் இருப்பவர் வங்காளத்து சத்யேந்திர நாத் போஸ். 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பியவர். அவருக்கும் நோபல் பரிசு இல்லை!

நாம் அனுப்பிய தாங்கிகள்

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு? பங்கு உண்டு. அதுவும் பளு தாங்குகிற பங்கு!

35 டன் காந்தத்தைச் சுரங்கத்தில் சும்மா கிடத்திவிட முடியாது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த அளவுக்கு விலகினாலும் புரோட்டானின் பாதை தவறும். ஆகவே, ஒவ்வொரு காந்தத்தையும் நுட்பமாக உயர்த்தி, தாழ்த்தி, நகர்த்தி நிறுத்தும் தாங்கிகள் தேவைப்பட்டன. அவற்றை உருவாக்கியவர்கள் இந்தூரில் உள்ள நம் அணுசக்தித் துறை ஆராய்ச்சி நிலையத்தார். 7,080 தாங்கிகள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. பாதையைத் திருத்தும் சிறு காந்தங்களும் இங்கிருந்து போயின. ஜெனிவாச் சுரங்கத்தில் அந்தப் பெரிய காந்தங்கள் இன்றும் நம் நாட்டுத் தாங்கிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நமது நன்கொடை இன்னொன்றும் அங்கே நிற்கிறது. 2004 ஜூன் 18-ந் தேதி, செர்ன் வளாகத்தில் ஒரு சிலையைத் திறந்து வைத்தார்கள். உயரம் 2 மீட்டர். நடராஜர்!

ஒரு காலைத் தூக்கி ஆடும் இந்த வடிவத்தைச் செம்பில் வார்த்து உலகப் புகழ் பெற வைத்தவர்கள் காவிரிக் கரைச் சோழர் காலச் சிற்பிகள். இன்றும் கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையில், மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆக்கலும் அழித்தலுமாக ஓயாது ஆடும் கூத்துக்கும், துகள்கள் ஓயாமல் பிறந்து மறையும் அணு உலகத்துக்கும் பொருத்தம் கண்டு இந்தச் சிலையை அனுப்பினார்கள். பொருத்தம் எவ்வளவு தூரம் சரி என்று வாதிடலாம். சிலை அழகு என்பதில் வாதமில்லை. 2016-ல் சில விஷமிகள் இரவில் அந்தச் சிலைக்கு முன்னால் நரபலி கொடுப்பதுபோல நாடகமாடிப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். நிர்வாகம் விசாரணை வைக்க வேண்டியதாயிற்று.

ஓட்டு இல்லாத உறுப்பினர்

1991-ல் ஒத்துழைப்பு ஒப்பந்தம். 2002-ல் பார்வையாளர் அந்தஸ்து. 2017 ஜனவரியில் இணை உறுப்பினர். இப்படிப் படிப்படியாகவே இந்தியா உள்ளே வந்தது. பாகிஸ்தான் 2015-லேயே இணை உறுப்பினர் ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இணை உறுப்பினர் என்றால் என்ன? முழுச் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பங்கு கட்ட வேண்டும். நம் இளைஞர்கள் அங்கே குறிப்பிட்ட கால வேலைகளுக்கு மனுப் போடலாம். நம் கம்பெனிகள் டெண்டர் கேட்கலாம். ஆனால், எந்த எந்திரம் கட்டுவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் சபையில் நமக்கு ஓட்டு இல்லை. தண்ணீர் உண்டு, மதகுச் சாவி கிடையாது!

இப்படிச் சொன்னாலும், வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கைச் செர்ன் காப்பாற்றி வருகிறது. அங்கே நடந்த மோதல்களின் விவரங்களில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதிராம்பட்டினத்தில் 1955-ல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. செர்னைவிட ஒரு வயது இளையது! அங்கே பௌதிகம் படிக்கும் ஒரு மாணவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அந்த விவரங்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து எடுக்கலாம் என்றோமே, அந்த வழியே செர்ன் வெட்டியதுதான். பல நாட்டு விஞ்ஞானிகள், பலவகைக் கம்ப்யூட்டர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் திண்டாடினார்கள். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதுதான் இன்று உலகம் முழுவதையும் பின்னியிருக்கும் வலைத்தளம். 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் அதை யாருக்கும் உரிமைத் தொகை இல்லாமல் பொதுவில் விட்டது. வளைகுடா நாட்டில் சம்பாதிக்கும் அதிராம்பட்டினத்துக்காரர் ராத்திரி நேரத்தில் ஊர்ச் செய்தியைத் தேடிப் படிக்கிறார் என்றால், அது அந்த வழியாகத்தான் வருகிறது. அன்று தலைக்கு இத்தனை காசு என்று கேட்டிருந்தால்?

தேனியில் தோண்டாத சுரங்கம்

எல்லாவற்றையும் ஜெனிவாவுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டுமா? நம் மண்ணில் முடியாதா? முடியும். முடிந்திருக்கிறது.

கோலார் தங்க வயலில், தமிழ் நாட்டிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் இருந்தது. 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். மியூவான் மழையைப் பெரும்பாலும் தடுத்துவிடும் ஆழம் அது. பாறையை லட்சியம் செய்யாமல் ஊடுருவும் நியூட்ரினோ என்ற இன்னொரு துகளைத் தேட வசதியான இடம். டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானில் ஒசாகா, இங்கிலாந்தில் டர்ஹாம் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்களும் கூடி அங்கே கருவிகளை வைத்தார்கள். வானத்துக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தை 1965-ல் முதன்முதலாகக் கண்டவர்களில் இவர்கள் முன் வரிசையில் நிற்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் தேடிய அமெரிக்கக் குழுவும் இவர்களும் சில வார வித்தியாசத்தில்தான் செய்தி வெளியிட்டார்கள்.

தங்கம் குறைந்தது. 1992-ல் அந்த ஆராய்ச்சி நின்றது. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது. தண்ணீர் ஏறிவிட்டது.

பிறகு வேறு இடம் தேடினார்கள். நீலகிரியில் சிங்காராவைக் கேட்டார்கள். புலிகள் காப்பகம் அருகில் இருக்கிறது என்று 2009-ல் மத்திய சர்க்கார் மறுத்தது. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் கிராமத்தை ஒட்டிய அம்பரப்பர் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். அதன் கோடியில் 50,000 டன் இரும்பினால் ஆன கருவி. 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது.

ஜெனிவாவில் 1953-ல் கேட்ட கேள்விகள் தேனியில் திரும்பக் கேட்டன. அணு என்கிறார்களே, கதிர்வீச்சு வருமா? வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணைக்கு என்ன ஆகும்? நிலத்தடி நீர் போய்விடுமா? மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடலாமா? நியூட்ரினோவால் தீங்கில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது உண்மைதான், விநாடிக்குக் கோடானுகோடி நியூட்ரினோ எல்லோர் உடம்பிலும் புகுந்து போகிறது. ஆனால், குடியானவன் கேட்டது நியூட்ரினோவை மட்டுமல்ல. பாறையையும் கிணற்றையும் காட்டையும்தான். அந்தக் கேள்விகளைக் குறை சொல்வதற்கில்லை. இரு தரப்பும் மேடையில் பேசின, கோர்ட்டில் பேசின. ஜெனிவாவில் வைத்ததுபோல ஒரு பெட்டி மட்டும் வைக்கப்படவில்லை.

2015 மார்ச்சில் மதுரை ஐகோர்ட்டு கிளை தடை போட்டது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2022 பிப்ரவரியில், இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழ் நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்தது.

பொட்டிப்புரம் கருவி தேட இருந்த முக்கியமான விடைகளில் ஒன்று, மூன்று வகை நியூட்ரினோக்களில் எது எடை கூடியது, எது குறைந்தது என்ற வரிசை. அதே விடையைத் தேடிச் சீனர்களும் ஒரு சுரங்க வேலையைத் தொடங்கினார்கள். தொடங்கிய மாதம், அதே 2015 ஜனவரி! குவாங்டங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தை நிரப்பி, 2025 ஆகஸ்டு மாதம் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தேனிக் கருவிக்கு மாதிரியாக மதுரையில் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். 85 டன் இரும்பு. 2018-லிருந்து வேலை செய்து வருகிறது. அது பூமிக்கு மேலே இருப்பதால், நியூட்ரினோவைத் தேட முடியாது. மேலே இருந்து விழுகிற மியூவான்களைத்தான் எண்ண முடியும். அதிராம்பட்டினத்து உப்பளத்தின் மேல் விழும் அதே மழையை!